பெட்டிக்குச் சட்டை தைத்த தெரு

அலுவலகத்தில் அவளை எல்லோரும் மூக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஊர்க் காற்றை அளக்கிற பிரிவில் வேலை பார்ப்பதால் வந்த பெயர். வேடிக்கை என்னவென்றால் அவளுக்கு மூக்கே சரியில்லை. வருஷத்தில் பாதி நாள் சளி, மீதி நாள் தும்மல். பக்கத்து மேசையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்தால்கூடத் தெரியாது. "இந்த மூக்கை நம்பித்தான் ஊரே மூச்சு விடுது" என்று வேன் டிரைவர் கிண்டல் செய்வார்.

"என் மூக்கை நம்பினா நாசம்தான். அதனாலதான மிஷின் வச்சிருக்கோம்" என்பாள் அவள்.

வேன் மேலே ஏணியைக் கட்டிக்கொண்டு நிலையம் நிலையமாகப் போவது அவள் வேலை. காற்றை உறிஞ்சும் குழாயின் வாயைத் துடைக்க வேண்டும், வடிகட்டித் தாளை மாற்ற வேண்டும், மிஷின் சரியாக இழுக்கிறதா என்று சோதிக்க வேண்டும். ஊரில் இருந்தது நான்கே நிலையங்கள். தலைமை அலுவலக மொட்டைமாடியில் ஒன்று, கல்லூரி வளாகத்தில் ஒன்று, நீரேற்று நிலையத்தில் ஒன்று, பூங்காவில் ஒன்று. மதில் வேண்டும், தடையில்லாத கரண்ட் வேண்டும், காவலுக்கு ஆள் வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வைத்ததில், காற்று நன்றாக இருக்கிற இடத்துக்கெல்லாம் நிலையம் போய்ச் சேர்ந்துவிட்டது. காய்ச்சல் இல்லாத பிள்ளைகளாகத் தேடிப் பிடித்துச் சூடு பார்ப்பது மாதிரி.

இந்த வருஷம் ஐந்தாவது நிலையத்துக்கு அனுமதி வந்தது. பொறியாளர் சிடுமூஞ்சி, ஆனால் நேர்மையான மனிதர். "இந்தத் தடவை மதில் பார்த்து வைக்கப் போறதில்ல. தேவை பார்த்து வைப்போம்" என்று கூட்டத்தில் சொல்லிவிட்டார். அலசி அலசி இரண்டு இடங்கள் மிஞ்சின. ஒன்று பேருந்து நிலையம். இன்னொன்று, பழைய அலுமினியத்தை உருக்கும் ஆலைக்குப் பின்னால் நெருக்கியடித்துக் கிடந்த உலைத் தெரு. இரண்டு இடத்திலும் கம்பத்தில் ஒரு சின்னத் தூசிப் பெட்டியைத் தொங்கவிடுவது, எங்கே காற்று அதிக மோசமோ அங்கே நிலையம் என்று முடிவானது. பெட்டிகளை மாட்டுகிற பொறுப்பு மூக்கக்காவுக்கு வந்தது.

உலைத் தெருவில்தான் தன் தங்கை குடியிருக்கிறாள் என்பதை அவள் அலுவலகத்தில் சொல்லவில்லை. முதலில் யாரும் கேட்கவில்லை. பிறகு, சொல்லாமல் இத்தனை தூரம் வந்துவிட்டோமே என்று வாய் வரவில்லை.

தங்கைக்கு ஒரே மகள், எட்டு வயது. மாலையில் உலையைத் திறந்தார்கள் என்றால் சாம்பல் நிறப் புகை கூரைகளின் மேல் படுத்துக்கொள்ளும். குழந்தைக்கு இழுப்பு தொடங்கும். அந்தத் தெருக்காரர்கள் ஆலை மேல் எழுதிப் போட்ட மனுக்களுக்குக் கணக்கில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது: அந்தப் பகுதியில் காற்று கெட்டிருப்பதாக எங்கள் பதிவுகளில் இல்லை. பதிவு எப்படி இருக்கும்? அங்கே அளந்தால்தானே! ஒரு நிலையம் வந்துவிட்டால் அந்தப் பதிலை யாரும் எழுத முடியாது.

பேருந்து நிலையமும் ஒன்றும் லேசுப்பட்டதல்ல. அங்கே பெட்டியை மாட்டியபோது டீக்கடை அம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டாள். பேச்சுக்குப் பேச்சு இருமினாள். "எங்களுக்குக் கிடைச்சிடும்ல?" என்று கேட்டாள்.

"பெட்டி என்ன சொல்லுதோ அதுதான்மா" என்றாள் மூக்கக்கா. அப்போது அதை நம்பித்தான் சொன்னாள்.

ஒரு வாரம் போனது. பெட்டிகள் அனுப்பும் அளவுகள் அலுவலகக் கம்ப்யூட்டரில் கோடுகளாக வந்து விழுந்தன. பேருந்து நிலையத்தின் கோடு காலையிலும் மாலையிலும் துள்ளியது. உலைத் தெருவின் கோடு பூங்காவின் கோட்டைவிடக் கீழே சாதுவாக ஓடியது.

"அக்கா, பேசாம உலைக்குப் பின்னால ஒரு வீடு பாருங்க. ஓய்வு காலத்துல போய் நல்ல காத்து வாங்கலாம்" என்றார் டிரைவர்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.  கோட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். உலையைத் திறக்கிற நேரம் பார்த்து அந்தக் கோடு ஏறுவதற்குப் பதிலாகப் படுத்துக்கொண்டது. மிஷின் கெட்டுப்போயிருந்தால் நாள் முழுக்க அல்லவா கெட்டிருக்க வேண்டும்? மாலையானால் மட்டும் தூங்கப் போகிற மிஷினை அவள் கேள்விப்பட்டதில்லை.

அன்று வேலை முடிந்ததும் நேரே உலைத் தெருவுக்குப் போனாள். தெரு பூராவும் தண்ணீர் தெளித்து, மண் அடங்கி, துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. கம்பத்தடியில் ஒரு முக்காலி. அதன்மேல் நின்று தெருமுனை டெய்லர், பெட்டிக்கு எதையோ மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க அண்ணே?"

"வாங்க வாங்க! புகை வர்ற நேரமாச்சுல்ல, அதான் சட்டை போட்டுவிடறேன்" என்றார் டெய்லர். மிச்சம் விழுந்த பள்ளிச் சீருடைத் துணியில் கச்சிதமாகத் தைத்திருந்தார். அடியில் எலாஸ்டிக். பக்கவாட்டில் இரண்டு பொத்தான். "பெட்டி புதுசு. உள்ள புகை போனா பாழாயிடாதா? காலையில தெருவைத் தெளிச்சு முடிச்சதும் கழட்டிடுவேன். காலர் வைக்கலாம்னு பார்த்தேன், துணி பத்தல."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. காற்று சுத்தமாக இருக்கும்போது பெட்டி கண் விழித்திருக்கிறது. அழுக்காகும்போது சட்டைக்குள் தூங்குகிறது. வேண்டுமென்று ஏமாற்ற நினைத்தவன்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க முடியாது.

"யாரு சொல்லி இதெல்லாம்?"

டெய்லர் அவள் தங்கை வீட்டைக் கை காட்டினார்.

தங்கை வாசலிலேயே நின்றிருந்தாள். "நான்தான்க்கா சொன்னேன். நீ மாட்டின மிஷின். அழுக்கு கிழுக்குன்னு காட்டினா உனக்குத்தான கெட்ட பேரு? அதோட, நம்பர் மோசமா வந்தா தெருவையே காலி பண்ணச் சொல்லிடுவாங்கன்னு வேற பேசிக்கறாங்க. அதான் எல்லாரும் சேர்ந்து விருந்தாளி வர்ற வீடு மாதிரி வச்சிருக்கோம்."

பக்கத்தில் அவள் கணவன் பஞ்சர் கடைச் சாமான்களை எண்ணெய்த் துணியால் துடைத்தபடி உட்கார்ந்திருந்தான். உள்ளே குழந்தை இருமும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம்தான் மூக்கக்காவின் நிதானத்தைக் கெடுத்தது.

"அடியே, நம்பர் மோசமா வந்தாதான்டி நிலையம் வரும்! நல்லா வந்தா பஸ் ஸ்டாண்டுக்குப் போயிடும். அப்புறம் இன்னும் எத்தனை வருஷத்துக்கு உன் பொண்ணு இப்படியே இழுத்துக்கிட்டுக் கிடப்பா?"

சொல்லி முடித்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெட்டியை மாட்டப் போகிறவர்கள் எந்த இடத்திலும் சொல்லக் கூடாத வார்த்தை அது. "யாரும் எதையும் செய்ய வேண்டாம். பெட்டியைச் சீண்டாம இருங்க, அது போதும்" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். தங்கை தலையாட்டினாள். மாப்பிள்ளை டயர் ஒன்றைத் தரையில் மெல்ல உருட்டிச் சுவரில் சாய்த்தான்.

மறுநாள் பொறியாளரிடம் பாதி உண்மையைச் சொன்னாள். "பெட்டியைத் துணி மூடியிருந்துச்சு சார். எடுத்துட்டேன். இதுவரைக்கும் வந்ததை விட்டுட்டுப் புதுசா எடுத்துக்கலாம்."

"துணி எப்படி வந்துச்சு?"

"தெருக்காரங்க, தூசி படக் கூடாதுன்னு…"

பொறியாளர் அவளை ஒரு கணம் பார்த்தார். "சரி" என்றார்.

அடுத்து வந்த நாட்களில் மாலைக்கு மாலை கோடு ஏறத் தொடங்கியது. பேருந்து நிலையத்தை எட்டிப் பிடிக்கும் போலவும் இருந்தது, பிடிக்காது போலவும் இருந்தது. அவள் சாப்பாட்டை வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் நடுப்பகலில் உலைத் தெருவின் கோடு செங்குத்தாக எழும்பி, திரையின் மேல் விளிம்பில் போய் முட்டியது.

"மலை ஏறிடுச்சுக்கா!" என்று டிரைவர் கத்தினார்.

பொறியாளர் வந்து எட்டிப் பார்த்தார். "இப்படியே போனா பஸ் ஸ்டாண்டு பக்கத்துலகூட வர முடியாது. முடிஞ்ச மாதிரிதான்" என்று முதுகைத் தட்டாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். நடுப்பகலில் உலை மூடிக் கிடக்கும். அந்த நேரத்தில் அந்தத் தெருவில் புகைவதற்கு என்ன இருக்கிறது?

பதில் போனில் வந்தது. குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது வார்டு வாசல் பெஞ்சில் மாப்பிள்ளை குனிந்து உட்கார்ந்திருந்தான். அவன் கைகளைப் பார்த்ததும் கேட்க ஒன்றும் மிச்சமில்லை. முழங்கைவரை கரி. ரப்பர் கருகினால் மட்டும் வருகிற பிசுபிசுப்புக் கரி.

"கம்பத்துக்குக் கீழ ரெண்டு பழைய டயரைக் கொளுத்தினேன்" என்றான் தலை நிமிராமல். "அவ ஸ்கூல்ல இருப்பான்னு நினைச்சேன். அரை நாள் லீவு விட்டுட்டாங்களாம். அவ தெருவுல நடந்து வர்றா, காத்து அந்தப் பக்கமே திரும்பிடுச்சு."

"உங்ககிட்ட நான் என்ன சொன்னேன் மாப்பிள்ளை?"

"மோசமா வந்தாதான் வரும்னு சொன்னீங்க" என்றான்.

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வார்டுக்குள் போனாள்.

உள்ளே குழந்தை முகத்தில் மாஸ்க்கும் நீளக் குழாயுமாகப் படுத்திருந்தது. கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய்ப் போய் வந்தது. பெரியம்மாவைப் பார்த்ததும் குழாயைத் தூக்கிக் காட்டி, "யானை" என்றது. அந்த ஒரு வார்த்தைக்கே மூச்சு வாங்கியது.

தங்கை அவள் கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் இழுத்துப் போனாள். "அக்கா, அவரைத் திட்டணும்னா திட்டு. என்னைக்கூட நாலு அறை அறை. ஆனா அந்த நம்பரை மட்டும் அழிச்சிடாத. என் பொண்ணு இழுத்த மூச்சு வீணாப் போயிடும்."

அவள் இரவெல்லாம் புரண்டாள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். மாத முடிவில் நிலையம் உலைத் தெருவுக்கு வந்துவிடும். அங்கே தேவை பொய்யில்லையே! மாலைப் புகை நிஜம்தானே! நியாயம் பேசப் பேச எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற டீக்கடை அம்மா வந்து குறுக்கே நின்றாள். 'பெட்டி என்ன சொல்லுதோ அதுதான்மா.' பெட்டி சொல்லவில்லை, டயர் சொல்லியிருக்கிறது. இன்றைக்குத் தங்கைக்காக டயரை ஒத்துக்கொண்டால், நாளைக்கு ஆலைக்காரர் பெட்டிக்குச் சட்டை போடும்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு கழற்றுவது?

காலையில் பொறியாளர் அறைக்குப் போனாள். அங்கே இன்னொரு டெக்னீஷியனும் இருந்தாள். எதிலும் விட்டுக்கொடுக்காத பெண் என்பதால் கறார் என்று பெயரெடுத்தவள். அவள் எழுந்து போகப் பார்த்தாள். "இரும்மா, நீயும் கேளு" என்று மூக்கக்கா சொல்லிவிட்டு எல்லாவற்றையும் கொட்டினாள். தங்கையை, சட்டையை, தன் வாயிலிருந்து விழுந்த வார்த்தையை, டயரை, ஆஸ்பத்திரியை. கோர்வையாக வரவில்லை. நடுவில் இரண்டு தடவை தும்மினாள்.

பொறியாளரின் முகம் சிவந்து போனது. "உங்க தங்கச்சி இருக்கிற தெருவுல நீங்களே பெட்டி மாட்டியிருக்கீங்க. இதை முதல் நாளே சொல்லியிருந்தா அடுத்த நிமிஷம் வேற ஆளை அனுப்பியிருப்பேன். இப்ப என்ன பண்ணச் சொல்றீங்க? சட்டை போட்ட அளவும் குப்பை, டயர் அளவும் குப்பை. இந்த இடத்தையே தூக்கிடறதுதான் முறை."

"சார், என்னைத் தூக்குங்க. இடத்தைத் தூக்காதீங்க" என்றாள்.  "பஸ் ஸ்டாண்டுக்கு வர்றவங்க வீட்டுக்குப் போயிடறாங்க. இவங்களுக்கு வீடே அங்கதான். நான் சொல்றேன்னு நம்ப வேண்டாம். யாராவது போய் ஒழுங்கா அளக்கட்டும். அதுல கம்மியா வந்துச்சுன்னா நான் வாயே திறக்க மாட்டேன்."

பொறியாளர் பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"நான் மாட்டறேன் சார்" என்றாள் கறார். "ஆனா ஒண்ணு. அக்கா அந்தத் தெருப் பக்கம் வரக் கூடாது. அளந்து முடிக்கிற வரைக்கும் தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது. செய்யின்னும் சொல்லக் கூடாது, செய்யாதன்னும் சொல்லக் கூடாது. அதை இன்னைக்கே நான் போய்த் தங்கச்சிகிட்டயும் சொல்லிடுவேன்."

பொறியாளர் மூக்கக்காவைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள்.

பிறகு வந்த நாட்கள் நகரவே இல்லை. குழந்தை வீடு திரும்பிவிட்டதா என்றுகூட அவளுக்குத் தெரியாது. கறாரின் மேசையைக் கடக்கும்போதெல்லாம் கறார் திரையைத் திருப்பி வைத்துக்கொள்வாள். "கொஞ்சமாவது காட்டேன்டி" என்று டிரைவர்தான் அவளுக்காகக் கெஞ்சிப் பார்த்தார். "உங்க மூக்கை வேற பக்கம் நீட்டுங்கண்ணே" என்றாள் கறார்.

தெரு என்ன செய்துகொண்டிருக்கும்? பயந்து மறுபடி தண்ணீர் தெளிக்குமா? இல்லை, இந்தத் தடவை யாராவது குப்பையைக் குவித்துக் கொளுத்துவார்களா? இரண்டில் எது நடந்தாலும் இடம் போய்விடும். 'எப்பவும் போல இருங்க' என்று ஒரு வரி சொன்னால் போதும். அந்த ஒரு வரியைச் சொல்ல அவளுக்கு அனுமதியில்லை.

ஒரு நாள் சாயங்காலம் பூங்கா நிலையத்தில் வடிகட்டித் தாளை மாற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தங்கை. அவள் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. ஏணியில் நின்றபடி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் முறையும் அடித்தபோது குழந்தையின் கழுத்துக் குழி கண் முன் வந்தது. எடுத்துவிட்டாள். எடுத்துக் காதில் வைத்தாளே தவிர, பேசவில்லை.

"நீ பேச மாட்டன்னு தெரியும். பேசாத. உன் கறாரம்மா வந்து பாடம் எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்றது தங்கையின் குரல். "நான் பேசறேன், நீ கேளு. பாப்பா வீட்டுக்கு வந்தாச்சு. உன்னை எங்கன்னு கேட்டா. பெரியம்மாவுக்கு வாயில பூட்டு போட்டிருக்காங்கன்னு சொன்னேன். அவ சிரிச்சா. அப்புறம், அவங்க மறுபடி பெட்டி மாட்டின அன்னைக்கே டெய்லரண்ணன் முக்காலியைத் தூக்கிட்டு வந்தாரு. நான் போய் அதை எடுத்துட்டு வந்து எங்க வீட்டுல போட்டு, அது மேலேயே உட்கார்ந்துக்கிட்டேன். இவரு கடையில இருந்த பழைய டயரையெல்லாம் வேற ஊர் லாரிக்காரனுக்குத் தூக்கிக் கொடுத்துட்டாரு. தெருவுல யாரும் ஒண்ணும் பண்ணல. தண்ணியும் தெளிக்கல, எரிக்கவும் இல்ல. கையைக் கட்டிக்கிட்டுச் சும்மா இருக்கிறது எவ்வளவு கஷ்டம்னு இப்பத்தான்க்கா தெரியுது."

மூக்கக்கா வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

"இப்ப உலையைத் திறந்துட்டாங்க. நான் போய் ஜன்னலைச் சாத்தணும். வைக்கிறேன்."

மறுநாள் காலையில் அவளே கறாரிடம் போய், போனை எடுத்ததைச் சொன்னாள். "பேசினீங்களா?" என்றாள் கறார். "இல்ல. கேட்டேன்."  "அதையும் சார்கிட்ட சொல்லிடறேன்" என்றாள். சொல்லவும் செய்தாள்.

மாதக் கூட்டத்தில் மூக்கக்காவை உள்ளே விடவில்லை. வராந்தாவில் நின்றாள். கதவு திறந்து பொறியாளர்தான் முதலில் வெளியே வந்தார். "பகல்ல பஸ் ஸ்டாண்டு அதிகம். சாயங்காலத்துக்கு மேல உலைத் தெரு அதிகம், விடியற வரைக்கும் இறங்கவே இல்ல. அங்க ஆளுங்க தூங்கறாங்க. அதனால அங்க வைக்கறோம்" என்றார். இரண்டடி போய்த் திரும்பினார். "பஸ் ஸ்டாண்டுக்கு அடுத்த வருஷம் கேட்டு எழுதியிருக்கேன். உலைத் தெரு நிலையத்துச் சாவி உங்ககிட்ட வராது. உங்க பேர்ல ஒரு விளக்கக் கடிதமும் கேட்டிருக்கு. எழுதிக் கொடுங்க."

"கொடுக்கறேன் சார்" என்றாள். அன்று மாலை பேருந்து நிலையத்துக்குப் போய் டீக்கடை அம்மாவிடம் முடிவை அவளே சொன்னாள். அந்த அம்மா டீயை ஆற்றினாள். "அடுத்த வருஷமும் அடுத்த வருஷம்னுதான் சொல்லுவீங்க" என்று மட்டும் சொன்னாள். மூக்கக்கா டீக்குக் காசை வைத்துவிட்டுக் கிளம்பினாள். 

உலைத் தெருமுனையில் கம்பி வேலி போட்டு, கூண்டு வைத்து, வெளியே தெரிகிற மாதிரி எண் பலகையும் மாட்டிய நாளன்று அவள் ஒரு சொந்தக்காரியாக மட்டும் போனாள். வேலிக்குள் கறார் நின்றிருந்தாள். டெய்லர் கூண்டைச் சுற்றி வந்து, கண்ணாலேயே அளவெடுத்தார். "இதுக்குத் தைக்கணும்னா ஒரு சுருள் துணியே ஆகும்" என்றார். "தைச்சீங்கன்னா ஊசியையும் சேர்த்துப் பறிமுதல் பண்ணிடுவேன்" என்றாள் உள்ளேயிருந்து கறார்.

இருட்டத் தொடங்கியது. ஆலையின் இரும்புக் கதவு கிரீச்சிட்டது. சாம்பல் நிறம் கூரைகளின் மேல் இறங்கியது. பலகையில் எண் மாறியது, மறுபடி மாறியது. தெரு மொத்தமும் வாசலில் நின்று அதையே பார்த்தது. யாரும் வாளியைத் தேடி ஓடவில்லை.

தங்கை வந்து அவள் பக்கத்தில் நின்றாள். டயர் நம்பரை அக்கா அழித்த வருத்தத்தில், நேரில் இன்னும் முகம் கொடுத்துப் பேச ஆரம்பித்திருக்கவில்லை.

"மோசம்தானே?" என்றாள் பலகையைப் பார்த்தபடி.

"மோசம்தான்."

"எழுதிக்கிட்டாங்களா?"

"அதுவே எழுதிக்கும். இனிமே பதிவு இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது."

 உள்ளே குழந்தை இருமியது. "உள்ள வா, வாசல்லயே நிக்காத" என்று சொல்லிவிட்டுத் தங்கை ஜன்னலைச் சாத்தப் போனாள்.